ஆசிரியர் காக்கும் அடைக்கலம்

1848ஆம் ஆண்டில் புணே நகரின் பிடே வாடாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அந்நாளில் மாணவரைப் பற்றி ஆசிரியர் அறிந்தவை அவருடைய நெஞ்சிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அடங்கியிருந்தன. சாவித்திரிபாயின் பெயரை 2014 முதல் தாங்கி நிற்கும் புணேப் பல்கலைக்கழகத்தின்கீழ் இன்று ஆசிரியப் பயிற்சி பெறுவோரின் நிலை வேறு. ஒரு குழந்தையின் பெயர், முகவரி, மதிப்பெண், புகைப்படம் ஆகிய யாவும் அவர்களுடைய கைப்பேசியிலிருந்து நொடிப்பொழுதில் பலரைச் சென்றடையும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதிகளையொட்டி அமைந்த ஈராண்டு பி.எட். பாடத்திட்டத்தில், தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்துணர்தல் என்றொரு பகுதி உண்டு. கருவியை இயக்கப் பழகுவது மட்டும் ஆராய்ந்துணர்தல் ஆகாது. இவ்விவரம் நமக்குத் தேவைதானா? யார் யார் பார்ப்பர்? பிள்ளையும் பெற்றோரும் இசைந்தனரா? இம்மூன்று வினாக்களையும் எழுப்பப் பழகுவதே அதன் பயன்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பள்ளிச் சுவரில் ஒட்டிய மதிப்பெண் பட்டியல் சில நாளில் கிழிந்துபோகும். அதே பட்டியலை வகுப்பின் வாட்ஸப் குழுவில் இட்டால் நாற்பது வீடுகளில் அது தங்கிவிடும். தேர்ச்சி பெறாத சிறுவனின் மனவேதனையும் உடன் தங்கும். பொறுப்பு ஆசிரியருடன் முடிவதுமில்லை. மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்ஷா கல்வித் தளத்தைச் சார்ந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண் முதலியன காவலின்றிக் கிடந்தமை 2023 சனவரியில் வெளிப்பட்டது. மாணவர் விவரங்களும் அவற்றுள் இருந்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

ஆயினும் சட்டம் நுழையாத இடங்கள் பல. அங்கே ஆசிரியரின் மனச்சான்றே காவல். நன்னூல் நல்லாசிரியருக்குக் கூறும் உவமைகளுள் துலாக்கோலும் ஒன்று. ஒரு செய்தியைப் பகிர்வதால் விளையும் நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் இக்கால ஆசிரியர்க்கு இன்றியமையாதது.

புணேயிலும் பிற ஊர்களிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இதில் தனிக்கவனம் வேண்டும். அயல்மொழிப் படிவத்தைப் பொருள் விளங்காமலே நிரப்பிக் கையொப்பமிடுவோர் நம்முள் உண்டு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமன்று என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று கூறியது. ஆதலின், கேட்கும் விவரம் எதற்கு, எத்தனை காலம் இருக்கும், யாரிடம் செல்லும் என்று பணிவுடன் வினவுவோமாக. அவ்வினாவை மகிழ்ந்து ஏற்று விடை கூறும் ஆசிரியர்களை உருவாக்குவது பயிற்சிக் கல்லூரிகளின் கடமையாகும்.