'தண்ணி விழுதா அத்தான்?' - குற்றாலம் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசியில் சொந்தக்காரர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான். "தண்ணி விழுதா அத்தான்?" நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம். "நேத்து ராத்திரியில இருந்து நல்லா விழுது, கிளம்பி வாங்க" என்று பதில் வந்ததோ இல்லையோ, துண்டும் மாற்றுத்துணியும் பைக்குள் போய்விடும். சென்னைக்காரர்கள் என்றால் இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்து, காலையில் கண் விழிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே மலையைத் தேடுவார்கள். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் பாதி டென்ஷன் போய்விடும்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் வாடும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே மட்டும் சாரல் எப்படி? மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர் என்றால், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி இருக்கிறது. கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் ஈரக்காற்று அந்தக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பூப்போலத் தூறல் விழுகிறது. குடை பிடிப்பவரை உள்ளூர்க்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்!

பொங்குமாகடல் என்னும் பிரேக்

நகரத்து தீம் பார்க்குகளில் டிக்கெட் எடுத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் சறுக்கி வருவதற்குக் குழந்தைகள் அடம் பிடிப்பார்கள். குற்றாலத்தில் மலையே சறுக்குமரம். சறுக்கி வருவது நாமல்ல, தண்ணீர். திரிகூடமலையில் பிறக்கும் சிற்றாறு, தேனருவி, செண்பகாதேவி அருவி என்று மேலே இரண்டு முறை குதித்துவிட்டுத்தான் மெயினருவிக்கு வருகிறது. அந்த இரண்டும் காட்டுக்குள் இருப்பதால் பொதுமக்கள் குளிக்க அனுமதி கிடையாது.

மெயினருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் யாரால் நிற்க முடியும்? நடுவழியில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பெயர் பொங்குமாகடல். மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் குறைந்து, பிறகுதான் பாறையோடு பரவி இறங்குகிறது. தோளில் விழும்போது யாரோ நன்றாகப் பிடித்துவிடுவது போல இருப்பதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம். எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு வருபவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எல்லாப் பெருமையும் எண்ணெய்க்கே போகும்.

சின்னக் குழந்தைகளோடு வருபவர்களுக்குப் புலியருவி நல்ல தேர்வு. சிறிய அருவி, பயமுறுத்தாது. ஐந்தருவி சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி. ஒரே ஓடை ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் குளிக்கலாம். பக்கத்திலேயே படகு சவாரியும் உண்டு. எந்த அருவியானாலும் பாசி படிந்த பாறையில் சறுக்கி விளையாட மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது. பாறைக்கு ஃபைபர் சறுக்கின் மென்மை கிடையாது. செல்போனும் தின்பண்டமும் குரங்கு கண்ணில் படாமல் இருப்பது இன்னொரு பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை

2024, மே 17. சீசன் தொடங்கவே இல்லை. கோடைமழையால் அருவிகளில் தண்ணீர் வர, விடுமுறைக் கூட்டம் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தது. மலைமேல் பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. பெரியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த வீடியோவைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் திரும்பவில்லை.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. குளிப்பவர் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். மழை பெய்வது கண்ணுக்குத் தெரியாத மலைக்காட்டில். சரிவு செங்குத்து, தூரம் குறைவு. அங்கே கொட்டியது சில நிமிடங்களில் இங்கே வந்துவிடும். ஆற்று வெள்ளம்போல ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வராது.

ஆனால், தண்ணீர் சில அடையாளங்களைக் காட்டும். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது செம்மண் நிறத்துக்கு மாறுகிறதா? சருகும் குச்சியும் கூடவே வருகிறதா? இரைச்சல் கூடுகிறதா? உடனே வெளியே வந்துவிட வேண்டும். செருப்பு, சோப்புப் பெட்டி, பை எதையும் தேட வேண்டாம். மெயினருவியில் ஓர் ஆர்ச் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி விழுகிறது என்றால் அங்கே குளிக்கத் தடை என்று அர்த்தம். போலீஸ் விசில் ஊதினால் 'இன்னும் ரெண்டே நிமிஷம் சார்' என்று கெஞ்சுவது நம்மூர் பழக்கம். ரெண்டு நிமிஷம்தான் அங்கே எல்லாமே.

சோப்புப் பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய், சீயக்காய் எதையும் அருவியில் பயன்படுத்தக் கூடாது என்று 2014-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்துவிட்டது. சிற்றாறு தென்காசியைத் தாண்டி வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நம் தலையில் நுரைப்பது வழிநெடுக யார் வீட்டுக்கோ போய்ச் சேருகிறது.

தனி அருவி வேண்டுமா?

கூட்டத்தைப் பார்த்துச் சலித்தவர்களிடம் 'பிரைவேட் ஃபால்ஸ் இருக்கு, ஃபேமிலியா குளிக்கலாம்' என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பிவிட்டு, செயற்கை அருவி அமைத்துக் காசு பார்க்கும் தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022 நவம்பரில் இதே மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஓடையை ஒருவர் வளைத்தால் கீழே இருக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் தண்ணீர் குறையும். பணம் கட்டாமல் குளிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையும் கோடீஸ்வரரும் ஒரே தண்ணீருக்குக் கீழே தோளோடு தோள் உரசி நிற்பதுதான் குற்றாலத்தின் அழகே. அதைச் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டுமா என்ன?

அருவிக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்றால் சோர்ந்துவிட வேண்டாம். தண்ணீர் குறைந்ததும் திறந்துவிடுவார்கள். சில நேரம் ஒரே நாளில்கூட. அதுவரை குற்றாலநாதரைத் தரிசித்துவிட்டு, பக்கத்திலேயே சித்திர சபைக்குப் போகலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று இது. சுவரெல்லாம் மூலிகை வண்ண ஓவியங்கள். வெளியே வந்தால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். மதியத்துக்குப் பிரானூர் பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழிக் குழம்பு. இலையில் கை வைக்கும் முன் அத்தானுக்கு இன்னொரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், ஆர்ச்சில் விழுவது நின்றதா என்று.