பொய் சொல்லாத சாட்சி

நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடைபெறும்போது, சாட்சி ஒன்றும் அறியாதவனாக இருந்தால் பெருந்தீங்கு நேர்ந்துவிடுவதில்லை. நீதிபதி வேறு சாட்சியைத் தேடுவார். ஆனால் அறியாததை அறிந்தவன்போல் அழகாக எடுத்துரைக்கும் சாட்சி ஒருவன் வந்துவிட்டால் வழக்கே திசை மாறிப் போகும். குற்றமற்றவன் தண்டனை பெறவும் கூடும். கணிப்பொறி உலகிலும் இத்தகைய சாட்சி ஒன்று உண்டு. அந்தச் சாட்சியை முன்கூட்டியே குறுக்கு விசாரணை செய்யும் பணியைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். ஒரு நிரல் தவறான விடை தருகிறது; அல்லது நடுவழியில் நின்று விடுகிறது. காரணம் யாது என்று கண்டறிய உதவும் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். தமிழில் பிழைநீக்கி என்பர். பெயர் அவ்வாறிருப்பினும் அது தானாகப் பிழையை நீக்குவதில்லை. ஓடுகின்ற நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. இவ்வகைக் கருவிகளுள் ஜி.டி.பி. என்பது புகழ் பெற்றது. 1986-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் அதை எழுதினார். அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. பல நாட்டவர் கூடி அதை வளர்த்து வருகின்றனர்.

கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். ஒவ்வொரு செயலிக் குடும்பத்திற்கும் தனி மொழியும் தனிப் பழக்க வழக்கங்களும் உண்டு. எனவே புதிய செயலி ஒன்று பிறந்தால், அதன் மொழியைப் பிழைநீக்கிக்கும் கற்பிக்க வேண்டியதாகிறது. உதாரணமாக, ரிஸ்க் ஃபைவ் என்ற குடும்பம் 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் தோன்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' செயலிகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இயங்குதளம் இன்றியே ஓடும் ரிஸ்க் ஃபைவ் நிரல்களை ஆராயும் திறமை 2018-இல் வெளிவந்த ஜி.டி.பி. 8.2 பதிப்பில் சேர்ந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் நிரல்களை ஆராயும் திறமை 2019-இல் வெளிவந்த 8.3 பதிப்பில் சேர்ந்தது.

இவ்வாறு புதிதாக எழுதப்படும் பகுதியை மூலநிரலோடு சேர்க்கும் முன்னர், எழுதியவரல்லாத வேறொருவர் அதை வரி வரியாகப் படித்துக் கேள்வி எழுப்புவது மரபு. இத்தகைய வேலையில் நானும் ஈடுபடுவதுண்டு. அப்போது நான் எவற்றைப் பார்க்கிறேன் என்பதை ரிஸ்க் ஃபைவைக் கொண்டே விளக்குகிறேன்.

முதலாவது, நிரலை நிறுத்தும் முறை. நிறுத்த வேண்டிய இடத்திலுள்ள கட்டளையைப் பிழைநீக்கி எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்ற கட்டளையை எழுதி விடுகிறது. செயலி அதைத் தொட்டதும் நிற்கும். பிறகு பழைய கட்டளையைத் திரும்ப வைத்துவிட வேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஆயினும் ரிஸ்க் ஃபைவில் கட்டளைகள் சில 4 பைட்டு நீளமும், சுருக்கப்பட்டவை 2 பைட்டு நீளமும் உடையவை. 'நில்' என்ற கட்டளைக்கும் இவ்விரு வடிவங்கள் உண்டு. 2 பைட்டுக் கட்டளையின் மேல் 4 பைட்டு 'நில்'லை எழுதினால், அடுத்த வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு நம் வீட்டைக் கட்டியது போலாகும். வேறொரு வழியாக அந்த அடுத்த கட்டளைக்குத் தாவி வரும் நிரல், அங்கே சிதைந்த பாதியைச் சந்திக்கும். ஆகவே கட்டளையின் கடைசி இரண்டு பிட்டுகளையும் பார்த்து நீளம் அறியப்படுகிறதா என்று தேடுகிறேன். அவை இரண்டும் 1 ஆக இல்லாவிடில் அது 2 பைட்டுக் கட்டளை.

நின்ற பின்னர், 'எங்கே நிற்கிறாய்?' என்ற கேள்வி எழுகிறது. இண்டெல் வழிச் செயலிகளில் 'நில்' என்பது 204 என்ற ஒரே பைட்டு. நின்ற பின் செயலி காட்டும் முகவரி அதற்கு ஒரு பைட்டு அப்பால் இருக்கும். பிழைநீக்கி 1-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். ரிஸ்க் ஃபைவிலோ அந்த முகவரி 'நில்' இருக்கும் இடத்தையே காட்டும். எதையும் கழிக்கக் கூடாது. புதிய செயலிக்கான பகுதியைப் பெரும்பாலோர் பழைய செயலிக்கு எழுதப்பட்டதைப் படியெடுத்தே தொடங்குகின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் படியெடுத்த ஒவ்வொரு வரியையும் நோக்கி, 'இந்தச் செயலியிலும் இது உண்மைதானா?' என்று கேட்டாக வேண்டும்.

இரண்டாவது, அடி அடியாக நடத்திச் செல்வது. ஒரு கட்டளையை மட்டும் நிறைவேற்றி நிற்கும் வசதியைச் சில செயலிகள் தாமே அளிக்கின்றன. ரிஸ்க் ஃபைவ் லினக்ஸுக்கான பகுதி எழுதப்பட்டபோது அவ்வசதியை நம்பியிருக்க இயலவில்லை. எனவே நிரல் அடுத்து எங்கே கால் வைக்கும் என்று பிழைநீக்கியே கணக்கிட்டு, அங்கே 'நில்'லை முன்கூட்டி எழுதிவைக்கிறது. கிளை பிரியும் இடமானால், நிபந்தனை நிறைவேறுமா என்று மதிப்புகளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதில் நுட்பமான இடம் ஒன்று உண்டு. பலர் ஒரே நேரத்தில் மாற்றக்கூடிய ஒரு மதிப்பைத் தகராறின்றி மாற்றுவதற்கு இரண்டு கட்டளைகள் இணைந்து வேலை செய்கின்றன. முதற் கட்டளை மதிப்பைப் படித்து, அந்த இடத்தைத் தன் பெயரில் குறித்து வைக்கிறது. இரண்டாவது, அந்தக் குறிப்பு கலையாமல் இருந்தால் மட்டுமே புதிய மதிப்பை எழுதுகிறது. கலைந்திருந்தால் நிரல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இவ்விரண்டிற்கும் இடையே பிழைநீக்கி நிரலை நிறுத்தினால் குறிப்பு கலைந்துவிடும். நிரல் மறுபடி தொடங்கும். பிழைநீக்கி மறுபடி நிறுத்தும். இப்படியே முடிவின்றிச் சுற்றும். நல்ல நிரல், பார்ப்பவர் ஒருவர் பக்கத்தில் நிற்பதாலேயே கெட்டதாகத் தோன்றும். இந்த இணையை ஒரே அடியாகத் தாண்டிச் செல்லும் ஏற்பாடு இருக்கிறதா என்பதை நான் தவறாமல் கேட்பேன்.

மூன்றாவது, வந்த வழியைச் சொல்லுதல். ஒரு செய்கூறு இன்னொன்றை அழைக்கும். அது மற்றொன்றை அழைக்கும். நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி, யார் யாரை அழைத்தார் என்று பிழைநீக்கி சொல்ல வேண்டும். ரிஸ்க் ஃபைவில் திரும்பிச் செல்லும் முகவரி முதலில் 1-ஆம் எண் பதிவகத்தில் இருக்கிறது. பதிவகம் என்பது செயலிக்குள்ளேயே அமைந்த சிறு பேழை. செய்கூறு வேறொன்றை அழைக்குமானால் அந்த முகவரியை அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் பத்திரப்படுத்துகிறது. பத்திரப்படுத்துவதற்கு முன் நின்றோமா, பின் நின்றோமா என்பதைப் பொறுத்து விடை மாறும். நிரலை மொழிபெயர்த்த கம்பைலர் இதுபற்றிக் குறிப்பு விட்டுச் சென்றிருந்தால் நன்று. இல்லையேல் செய்கூற்றின் தொடக்கக் கட்டளைகளை ஆராய்ந்து ஊகிக்க வேண்டும். ஊகம் ஒரு நிலையில் தீர்ந்து போகும். அந்நிலையில் 'இதற்கு மேல் தெரியவில்லை' என்று நின்றுவிடுவதே முறை. நினைவகத்தில் கண்ட ஏதோ ஓர் எண்ணை முகவரியாகக் கருதி, இல்லாத வம்சாவளியைப் புனைந்துரைப்பது முறையன்று.

நான்காவது, செய்கூறு திருப்பித் தரும் விடை. மிதவைப் புள்ளி எண்களுக்கெனத் தனிப் பதிவகங்களைப் பயன்படுத்தும் ரிஸ்க் ஃபைவ் மரபில், இரண்டு பின்ன எண்கள் சேர்ந்த ஒரு சிறு தொகுதி அத்தனிப் பதிவகங்கள் இரண்டில் திரும்பி வருகிறது. பிழைநீக்கி இதை மறந்து முழு எண்களுக்கான பதிவகங்களைப் பார்த்தால், அங்கே முன்பு யாரோ விட்டுச் சென்ற எண்கள் இருக்கும். திரையில் ஒரு விடை தோன்றும். எந்த எச்சரிக்கையும் தோன்றாது. நான்கு குற்றங்களிலும் நான் மிகவும் அஞ்சுவது இதற்கே. நிரல் நின்று போனால் எவரும் கவனிப்பர். நம்பத்தக்க தோற்றமுடைய பொய் எண்ணை யார் கவனிப்பார்?

இதற்கு நேர்மாறான ஒழுக்கத்தையும் ஜி.டி.பி.யில் காணலாம். பவர்பிசி செயலிகளின் மரபில், பெரிய தொகுதியொன்று நினைவகத்தின் வழியே திரும்பும்போது அதன் முகவரி குறிப்பிட்ட பதிவகத்தில் இறுதிவரை இருக்கும் என்ற உறுதி கிடையாது. கம்பைலரின் குறிப்பும் உதவாதபோது, 'திரும்பிய விடை இன்ன வகையைச் சேர்ந்தது. உள்ளடக்கத்தை அறிய முடியவில்லை' என்று கருவி சொல்லிவிடுகிறது. அனுபவமில்லாதவர் இதைக் குறை என்பர். நான் இதை நாணயம் என்பேன்.

படிப்பது மட்டும் போதாது; சோதனையும் வேண்டும். ஜி.டி.பி.யோடு ஆயிரக் கணக்கான சோதனைகள் அடங்கிய தொகுதி ஒன்று வருகிறது. தோற்ற சோதனைகளுள் சிலவற்றை 'எதிர்பார்த்த தோல்வி' என்று குறித்து வைக்க இடமுண்டு. செயலியால் இயலாத ஒன்றுக்கு அவ்வாறு குறிப்பது நியாயம். எழுதியவர் களைத்துப் போனதால் குறிப்பது நியாயமாகாது. ஆதலால் அக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கிறேன்.

இவ்வளவு கேள்விகளையும் எழுதியவரின் மனம் நோகாதபடி கேட்பதும் இப்பணியின் பகுதியே. பல மாத உழைப்பை அவர் நம் முன் வைக்கிறார். 'இது தவறு' என்பதைக் காட்டிலும், 'இங்கே 2 பைட்டுக் கட்டளை இருந்தால் என்ன நிகழும்?' என்பது பயன் தரும். விடையைத் தேடிப் போகிறவர் தாமே அப்பகுதியின் காவலராகவும் மாறுகிறார். காவலரும் பயனும் அற்ற பகுதி நெடுங்காலம் நிலைப்பதில்லை. செல் என்ற செயலிக்கென முயன்று சேர்க்கப்பட்டிருந்த ஆதரவு, 2020-இல் வெளிவந்த 9-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது இதற்குச் சான்று.

நேயர்கள் பெரும்பாலோர் பிழைநீக்கியைக் கண்ணால் காணப் போவதில்லை. ஆனால் மருத்துவக் கருவியிலும் தொலைபேசியிலும் ஊர்தியிலும் இன்று செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் நிரலில் பிழை நேரும்போது, எங்கோ ஒருவர் நள்ளிரவில் பிழைநீக்கியின் சொல்லை நம்பி உட்கார்ந்திருப்பார். அது பொய் சொல்லுமானால், அவர் சரியான பகுதியைத் திருத்திக் கெடுப்பார். உண்மையான பிழை அங்கேயே தங்கிவிடும். ஆகையால், புதிய செயலிக்கான பகுதியைப் படித்து முடித்ததும் நான் இறுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்றே: தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல இது கற்றிருக்கிறதா? கற்றிருந்தால் மற்றக் குறைகளைக் காலப் போக்கில் தீர்த்துக்கொள்ளலாம்.