மின்சார வண்டியும் மலைப்பாதையும்: டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

மின்சார வண்டி வாங்க நினைக்கும் உழவர் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி எத்தனை வருஷம் வரும்? நான் வங்கியில் வண்டிக் கடன் மனுக்களைப் பார்த்த காலத்திலும் டயரைப் பற்றிப் பேசியவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் நெல்லியாளம் மாதிரி ஊரில் சாயங்காலம் ஆறரை மணிக்கு, தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் நடுவே ஒரு தேயிலைக்காட்டு வளைவில் வண்டி நின்றுவிட்டால், நின்றது பேட்டரியாலா டயராலா என்று யானை கேட்கப்போவதில்லை. பேட்டரியாவது எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும். பஞ்சர் சொல்லிக்கொண்டு வராது.

பெட்ரோல் வண்டியில் இது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டுத் தருவதற்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. அந்தக் காலத்து சேத்தக், லாம்ப்ரெட்டாவில் ஸ்டெப்னியே இருந்தது. (1904ல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் ஆரம்பித்த கடை விற்ற சக்கரம் என்பதால்தான் அந்தப் பெயர். அங்கே மறந்துபோன சொல்லை நாம் இன்னும் விடவில்லை.) மின்சார வண்டியில் ஸ்டெப்னிக்கு இடமில்லை. அதைவிட முக்கியம், மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. டிவிஎஸ் ஐக்யூப் போன்ற வண்டிகளில் மோட்டார் பின் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பிகள் அச்சு வழியாக வெளியே வரும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் அந்தக் கம்பிகளின் இணைப்பையும் பிரிக்கணும். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் இதில் கை வைக்கத் தயங்குவார், அது நியாயமும்கூட. ஏத்தர், ரிவோல்ட் ஆர்வி400 போன்றவற்றில் மோட்டார் வண்டியின் உடம்பில் இருந்துகொண்டு பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுற்றுகிறது. அங்கே சக்கரம் கழற்றுவது ஓரளவு சுலபம். ஆகவே வண்டி வாங்கப் போனால் மோட்டார் சக்கரத்துக்குள்ளா, வெளியிலா என்பதை முதலில் கேளுங்கள். குடத்துக்குள் மோட்டார் என்றால் டியூப்லெஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்பது என் கட்சி. சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டலாம் என்ற ஒரே காரணம் போதும்.

டியூப் டயரில் காற்று இருப்பது டியூபுக்குள். ஆணி குத்தினால் டியூப் கிழியும், காற்று வால்வு ஓட்டை, ஸ்போக்ஸ் ஓட்டை வழியாக மளமளவென்று போய்விடும். இறக்கத்தில் பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளியும். டியூப்லெஸ்ஸில் டயரின் உட்புறமே காற்றுப் புகாத ரப்பர் பூச்சு. டயரின் விளிம்பு ரிம்மை இறுக்கிப் பிடித்துக் காற்றை அடைக்கிறது. குத்திய ஆணியையும் அந்த ரப்பர் கவ்விக்கொள்ளும். காற்று சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.

அதனால்தான் சொல்கிறேன்: காட்டுப் பகுதியில் ஆணியைக் கண்டால் பிடுங்காதீர்கள். காற்று மட்டும் அடித்துக்கொண்டு, வெளிச்சமும் மனுஷ நடமாட்டமும் உள்ள இடத்துக்கு மெதுவாக வந்து சேருங்கள். அப்புறம் ஒட்டலாம். சோப்புத் தண்ணீர் ஊற்றி, குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, குறடால் ஆணியைப் பிடுங்குங்கள். அது எந்தச் சாய்வில் போயிருந்ததோ அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை நுழைத்துப் பத்துத் தடவை ஏற்றி இறக்கணும். பிறகு காதுள்ள ஊசியில் பிசின் திரியை நடுவாகக் கோத்துக் குத்தி, இரண்டு முனையும் வெளியே கொஞ்சம் தெரியும்போது ஊசியை வெடுக்கென்று இழுத்தால் திரி உள்ளே தங்கும். மிச்சத்தை நறுக்கிவிட்டுக் காற்று அடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு தடவை பகலில் வீட்டில் செய்து பழகினால் இருட்டில் கை நடுங்காது. எங்கள் பக்கம் ஆணியைவிட முள்மூங்கில்தான் எதிரி. அந்த முள் பாதியில் ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கும். விரலால் தடவினால் தெரியாது, ஊசியால் கிளறிப் பார்க்கணும். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் திரி நிற்காது. வேறு டயர்தான்.

டியூப்லெஸ்ஸுக்கு உள்ள பலவீனம் ரிம். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்று ஆழம் தெரியாமல் ‘டங்’கென்று இறங்கினால் அலாய் ரிம் நெளியும். நெளிந்த இடத்தில் டயர் விளிம்பு ஒட்டாது, காற்று தினமும் இறங்கும். அலாயைச் சுத்தியால் தட்டி நேராக்கினால் விரிசல் விடலாம். குடத்துக்குள் மோட்டார் உள்ள பல வண்டிகளில் ரிம்மும் மோட்டாரும் ஒரே உருப்படி என்பதால், ரிம் செலவு மோட்டார் செலவாகிவிடும். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே விலை கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று மொத்தமும் போய் டயர் ரிம்மை விட்டு விலகிவிட்டால் கால் பம்புக்கு அது மசியாது. அடிக்க அடிக்க இடுக்கு வழியே வெளியேறும். அப்போது டயரின் நடுச்சுற்றில் கயிற்றைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகித் திருகி இறுக்குங்கள். விளிம்பு இரண்டு பக்கமும் விரிந்து ரிம்மில் ஒட்டும். காற்றுப் பிடித்ததும் கயிற்றைத் தளர்த்தி மேலும் அடிக்கணும். தேங்காய் நார்க் கயிறு போதும்.

தினமும் கரடுமுரடான கல்பாதையில் மூட்டை ஏற்றிப் போகிறவருக்கு ஸ்போக்ஸ் சக்கரமும் டியூபும் இன்றைக்கும் நல்ல ஜோடிதான். ஸ்போக்ஸ் வளைந்தால் நிமிர்த்தலாம். ஆனால் அது மோட்டார் சக்கரத்துக்கு வெளியே உள்ள வண்டியாக இருக்கட்டும். ரிம் நெளிந்த டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி, போடுமுன் பழைய திரி நுனிகளை உள்ளே வழித்து எடுக்காவிட்டால் அவை டியூபை அரித்துவிடும்.

காற்று விஷயத்தில் சோம்பல் கூடாது. காற்று குறைந்தால் டயர் தரையில் அதிகம் பதிந்து இழுக்கும், ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும், ரிம்மும் சீக்கிரம் அடிவாங்கும். வாரம் ஒருநாள், காலையில் டயர் சூடாகும் முன்பு, வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பாருங்கள். மலை ஏறும்போது காற்றைக் குறைக்கணுமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடலூர் சுமார் 1000 மீட்டர் உயரம், ஊட்டி 2240 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இரண்டு பாயிண்ட் வரை கூடக் காட்டும், ஊட்டிக் குளிர் அதில் ஏறத்தாழ ஒரு பாயிண்டைத் திருப்பி இழுத்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடிக்கும். பேட்டரிக்கு லாபம், ஆனால் அந்தப் பிடி முழுக்கப் பின் டயர் மேல். செம்மண் சேறு பூசிய ரோட்டில் மொட்டை டயரோடு இறங்கினால் சறுக்கும். பட்டன் கோடுகளின் ஆழம் குறைந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. கடையில் தூங்கிய டயரைத் தள்ளிவிட்டால் இதில் பிடித்துவிடலாம்.

கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். பயிர் ஓரத்தில் மூடாக்குக்குப் பாரமாகப் போடவும் வேண்டாம், அதில் துத்தநாகம் முதலிய வேதிச்சரக்கு இருக்கிறது, மண்ணில் கசியும். காட்டு மிருகங்களை விரட்ட எரிக்கவும் வேண்டாம். 2021 ஜனவரியில் மசினகுடியில் காட்டுயானை மேல் எரியும் டயரை எறிந்த கொடுமை நம் மாவட்டத்தில்தான் நடந்தது.

என் வண்டிப் பெட்டியில் இப்போது இருப்பவை: திரிப் பாக்கெட், இரண்டு ஊசி, குறடு, சின்ன கால் பம்ப், தலையில் மாட்டும் டார்ச், நார்க் கயிறு. திரி மழையில் நனையாமல் பழைய காப்பித்தூள் டப்பாவில் வைத்திருக்கிறேன்.