கரகரப்பு எங்கிருந்து வருகிறது?



நம்மிடம் படித்த பையன் ஒருவன் சென்ற மாதம் தாயாருடன் நம் வீட்டிற்கு வந்திருந்தான். தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய சாம்ப்ளர் ஒன்றை வாங்க வேண்டுமாம். ராப் பாட்டுக்குத் தாளம் அமைக்கும் பெட்டி அது. விலையோ பல மாதச் சம்பளம். "பழைய பெட்டிக்கு இவ்வளவு காசா சார்?" என்று தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. நாமும் விசாரித்துத்தான் பதில் சொன்னோம்.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், 1973 ஆகஸ்டில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு நின்று டிரம் மட்டும் ஒலிக்கும் இடத்தையே, ஒரே தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு, மாற்றி மாற்றி நீட்டுவது அவர் முறை. ஹிப்-ஹாப் அங்கே பிறந்ததாகச் சொல்வார்கள். பின்னர் வந்த சாம்ப்ளர், அந்த டிரம் அடியைத் துண்டாக எடுத்து நினைவில் வைத்து, விரல் தட்டியதும் திரும்ப ஒலித்தது. ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969இல் வாசித்த ஓர் அடி எண்ணற்ற பாடல்களில் இப்படிப் புகுந்தது. வாசித்தவருக்கு அதனால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. உழைப்பவர் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கரகரப்புக்கு வருவோம். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் கட்டங்கள் இருக்கின்றன அல்லவா? பெரிய கட்டங்களை நிரப்பி ஒரு வளைகோட்டை வரைந்தால் அது படிக்கட்டுப் போல் தெரியும். கட்டம் சிறிதானால் கோடு வழவழப்பாகும். குறுந்தட்டில் ஒலியின் உயரத்தை அளக்க 65,536 படிகள் உண்டு. பழைய 12 பிட் பெட்டிகளில் 4,096தான். அந்தப் படிக்கட்டின் முரடுதான் டிரம்முக்குக் கரகரப்பைத் தருகிறது. குறை என்று ஒதுக்கியதையே இவர்கள் சுவையாக்கிக் கொண்டார்கள்.

மிகவும் முரடானது ஈமு நிறுவனத்தின் எஸ்.பி.1200. 1987இல் வந்தது. குறுந்தட்டு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும். இது ஏறத்தாழ 26,000 முறை மட்டுமே. மொத்தம் பத்து விநாடி கொள்ளும், ஒரு துண்டு இரண்டரை விநாடிக்கு மேல் போகாது. அதனால் 33 வேகத் தட்டை 45இல் ஓட விட்டுப் பதிந்து, பிறகு பெட்டிக்குள் தாழ்த்துவார்கள். இடமும் மிச்சம், தாழ்த்தும்போது எழும் உலோகச் சத்தம் அடியின் மேல் மணலைத் தூவியது போலிருக்கும். விலை அதிகம், பெயருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்.பி.சி.60, 1988இல் வந்தது. இதுவும் 12 பிட்தான். ஆனால் விநாடிக்கு 40,000 முறை அளப்பதால் ஒலி உருண்டு, கனமாக வரும். பதினாறு தட்டுப் பலகைகளில் விரல் நன்றாகப் படியும். முரடு குறைவு.

அதே ஆண்டின் அகாய் எஸ்.950இல் தட்டுப் பலகையே இல்லை. மிடி கம்பியால் வேறொரு கருவியை இணைத்துத் தட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு முரடு வேண்டும் என்பதை, அளக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து நாமே தீர்மானிக்கலாம். எஸ்.பி.1200ஐவிட விலை பெரிதும் குறைவு. டிரம் ஒலி மட்டும் வேண்டுபவருக்கு இதுவே போதும் என்பது நம் எண்ணம். அதற்கும் முன்னால், கணினியில் இதைப் போலச் செய்யும் மென்பொருளில் சில மாதம் பழகுவது நல்லது.

வாங்கப் போகும் இடத்தில் வெறும் விளக்கு எரிவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தில் நேரே செருகினால் கருகிவிடும். பின்புறத்து எழுத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் மெதுவாகவும் ஓங்கியும் தட்டுங்கள். ஓர் ஒலியைப் பதிந்து, வட்டில் சேமித்து, பெட்டியை அணைத்து, மறுபடி எடுத்துப் பாருங்கள். பழுதாவது பெரும்பாலும் அந்த வட்டு இயக்கிதான். அதன் இடத்தில் யு.எஸ்.பி. குச்சி ஏற்கும் பாகம் மாட்டியிருந்தால் தயங்க வேண்டாம், அது நல்லதே.

பையன் இரண்டு சனிக்கிழமை அலைந்து எஸ்.950 ஒன்றை வாங்கி வந்தான். முதலில் பதிந்தது, அவன் மாமாவின் உறுமி. மீதிப் பணத்தைத் தாயார் வாங்கி வைத்துக்கொண்டார்.