டீ கிளாஸின் வாய் வட்டமா?

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருமுனை டீக்கடையில் கூட்டம் அதிகம் இருக்காது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, டீ குடித்து முடிப்பதற்குள் எதிரே இருக்கும் ஒரு கிளாஸை வரைந்துவிடுவேன். கையடக்க நோட்டு, ஒரு கறுப்புப் பேனா. நான்கைந்து நிமிட வேலை. ஆரம்பித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. முதல் மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் எல்லாக் கிளாஸிலும் ஒரே தவறு. வாய் அகன்று, கிட்டத்தட்ட முழு வட்டமாக இருக்கிறது. அடிப்பாகமோ ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேர்கோடு. அப்படி ஒரு கிளாஸை எந்த இடத்தில் உட்கார்ந்தும் பார்க்க முடியாது. மேலே எழும்பி எட்டிப் பார்த்தால்தான் வாய் அவ்வளவு விரியும். அப்போது அடிப்பாகமும் வளைந்து தெரிய வேண்டும்.

கை பழகவில்லை, அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், கிளாஸ் வரைய உட்காரும் பெரும்பாலோர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் தௌலெஸ் 1931-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். வட்டமான ஒரு தகட்டைப் படுக்கவைத்து, சாய்வாகப் பார்ப்பவருக்கு அது என்ன வடிவமாகத் தெரிகிறது என்று கேட்டார். விழித்திரையில் விழும் பிம்பம் ஒடுங்கிய நீள்வட்டம். பார்த்தவர்கள் சொன்ன வடிவமோ அதைவிட உருண்டை. பிம்பத்துக்கும் உண்மையான வட்டத்துக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் அவர்களுடைய பார்வை நின்றுவிட்டது. தகடு வட்டமானது என்று மூளைக்குத் தெரியும். தெரிந்ததைக் கொண்டு கண்டதைத் திருத்திவிடுகிறது.

இதை இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு கையை முழுதாக நீட்டுங்கள். இன்னொரு கையை அதில் பாதித் தூரத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் தெரியும். விழித்திரையில் பக்கத்துக் கையின் பிம்பம் இரண்டு மடங்கு உயரம். இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளும் ஒன்றையொன்று சற்றே மறைக்கும்படி நகர்த்துங்கள். சட்டென்று தூரத்துக் கை குழந்தையின் கை அளவுக்குச் சுருங்கிவிடும்.

மூளை இப்படித் திருத்துவது நமக்கு நல்லதுதான். இல்லாவிட்டால் எதிரே நடந்து வருகிற நண்பர் நொடிக்கு நொடி வளர்ந்துகொண்டே வருவார். அன்றாட வாழ்க்கைக்கு இந்த ஏற்பாடு வேண்டும். வரைவதற்கு மட்டும் அதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. தினசரி வரைவதில் நடக்கும் பயிற்சி பெரும்பாலும் இந்தத் தள்ளிவைப்புக்குத்தான் என்று நான் நம்புகிறேன். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேல் கோஹென் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வரைபவர்கள் எத்தனை முறை பொருளையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார். அடிக்கடி பார்த்தவர்களின் படம் பொருளோடு கூடுதலாக ஒத்துப்போனது. ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் குனிந்து நெடுநேரம் வரைந்தால், அந்த இடைவெளியில் ஞாபகம் புகுந்துவிடுகிறது. ஞாபகத்தில் இருக்கும் கிளாஸுக்கு வாய் எப்போதும் வட்டம்தான்.

இதற்குப் பென்சில் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பென்சில் நல்ல கருவி. ஆனால் பென்சிலோடு ரப்பரும் வந்துவிடுகிறது. அழித்தால் தவறும் போய்விடும், தவறு நடந்த இடமும் போய்விடும். பேனாவில் முதல் கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் தாளில் இருக்கும். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எனக்குத் தெரிந்த கிளாஸுக்கும் என் முன்னால் இருந்த கிளாஸுக்கும் உள்ள தூரம். மூன்று வருடத்து நோட்டுகளில் அந்தத் தூரம் குறைந்துகொண்டு வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

பேனா வேகத்தையும் கேட்கிறது. யாருடைய கையும் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை. ஆரோக்கியமான கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை நுண்ணிய நடுக்கம் ஓடிக்கொண்டேயிருக்கும். பயந்து பயந்து மெதுவாக இழுத்தால் அது கோட்டில் பதியும். ஒரே வீச்சில் இழுத்தால் பதியாது. ஆனால் வேகமான வீச்சை நடுவழியில் கண்ணால் திருத்த முடியாது. கண் கண்டு, மூளை கணித்து, கைக்கு ஆணை வருவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்காவது கழிந்துவிடும். ஆகவே கோடு எங்கே முடிய வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முடிவுப் புள்ளியில் கண்ணை வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு போய்ச் சேர்ந்துவிடும்.

கோடு எங்கே முடிகிறது என்ற கேள்வி ஒருமுறை நரம்பியலின் தலைவிதியையே தீர்மானித்திருக்கிறது. அதனால்தான் பேனா ஓவியம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு சாந்தியாகோ ரமோன் இ கஹால் நினைவுக்கு வருகிறார். 1852-ல் ஸ்பெயினில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஓவியனாக வேண்டும் என்பது சிறுவனின் ஆசை. மருத்துவரான அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மகனை உடற்கூறியல் பக்கம் இழுக்க, பழைய இடுகாட்டிலிருந்து எலும்புகளை எடுத்துவந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பையன் அந்த எலும்புகளை வரைய ஆரம்பித்தான். அப்பா நினைத்தது நடந்தது, மகன் நினைத்ததும் நடந்தது.

1873-ல் இத்தாலியில் கமில்லோ கொல்ஜி ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். மூளைத் திசுவில் வெள்ளி நைட்ரேட் பாய்ச்சினால் கோடிக்கணக்கான நரம்பணுக்களில் ஏதோ சில மட்டும், கிளை நுனிவரை, கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் பின்னணியில் இண்டியன் இங்க்கில் வரைந்து வைத்ததுபோல. கஹால் அதை 1887-ல் மாட்ரிட்டில் முதன்முதலாகப் பார்த்தார். அதன்பிறகு அவருடைய வாழ்க்கை நுண்ணோக்கிக்கும் தாளுக்கும் இடையிலேயே கழிந்தது.

ஏன் வரைய வேண்டும், போட்டோ எடுத்தால் ஆகாதா? கஹாலுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்றில்லை. வண்ணப் புகைப்படக் கலை பற்றி 1912-ல் புத்தகமே எழுதியவர். நுண்ணோக்கியில் ஒரு சமயத்தில் ஒரு மெல்லிய தளம்தான் தெளிவாகத் தெரியும். நரம்பணுவின் கிளையோ மேலும் கீழுமாக வளைந்து அந்தத் தளத்தைவிட்டு வெளியே போய்விடும். திருகை மேலும் கீழும் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்து, மனதுக்குள் ஒட்டி, ஒரே படமாக வரைய வேண்டும். காலையெல்லாம் பார்த்துவிட்டுப் பிற்பகலில் நினைவிலிருந்து வரைவதும், மீண்டும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுத் திருத்துவதும் அவருடைய வழக்கமாக இருந்தது. சுமார் 2,900 படங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் பலரும் ஏற்றிருந்த கருத்து, மூளை என்பது ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய வலை என்பது. கொல்ஜியும் அப்படித்தான் நம்பினார். கஹால் ஒவ்வொரு இழையின் நுனிவரை பின்தொடர்ந்து வரைந்தார். நுனி இன்னொரு நரம்பணுவின் அருகே வந்து, அதோடு சேராமல் முடிந்தது. அவரும் பேனாவை அங்கே எடுத்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனி என்று சொன்னார். ஒரே சாய முறையை வைத்து நேர் எதிரான முடிவுகளுக்கு வந்த இருவருக்கும் 1906-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மேடையில் கொல்ஜி தன் பழைய கருத்துக்காகவே வாதாடினார். நரம்பணுக்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை ஏறக்குறைய 200. அந்த இடைவெளியை நேரில் காட்ட எலெக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது, 1950-களில். கஹால் 1934-லேயே காலமாகிவிட்டார். தன் கண் காண முடியாத ஓர் இடைவெளியை, கோட்டை எங்கே நிறுத்துவது என்று தினம் தினம் முடிவெடுத்தே அவர் கண்டடைந்தார். அறிவியலில் இதைவிட அழகான செய்தி எனக்குத் தெரியாது.

நமக்கு அத்தனை நுட்பம் வேண்டாம், படம் அழகாக இருக்கவும் வேண்டாம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆப்பிள் போன்ற எளிய சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சிலவற்றைப் படமாக வரையவும் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கு 40 நொடி. பிறகு நினைவில் இருப்பதைக் கேட்டபோது, வரைந்த சொற்கள் பல சோதனைகளில் எழுதியவற்றைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நினைவுக்கு வந்தன. நேரத்தை 4 நொடியாகக் குறைத்தும் பலன் மறையவில்லை. படத்தின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வரையும்போது பொருளை யோசிக்கிறோம், மனக்கண்ணில் காண்கிறோம், கையை அசைக்கிறோம். மூன்று கயிறுகள் சேர்ந்து ஒரே நினைவைக் கட்டுகின்றன. என் நோட்டில் எந்தக் கிளாஸைப் பார்த்தாலும் அன்றைக்கு மழை பெய்ததா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது வந்துவிடுகிறது. போனில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் எனக்கு அப்படி நடப்பதில்லை.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் எதுவும் போதும். ஜெல் பேனா மை சும்மா இருக்கும்போது கெட்டியாக இருந்து, நுனியிலுள்ள குண்டு உருளும்போது இளகிக்கொடுக்கும். ஃபவுன்டன் பேனாவில் நிப்பின் நடுப்பிளவு குறுகலாக இருப்பதால் மை தானாகவே நுனிக்கு இழுபடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதியால்தான். கவனிக்க வேண்டியது மை. சாய மை நீரில் கரையும், வெயிலில் வெளுக்கும். கரித்தூள் கலந்த மை இரண்டையும் தாங்கும், ஏனென்றால் கரிக்கு வேறெதனுடனும் எளிதில் வினைபுரியும் குணம் கிடையாது. நம் ஓலைச்சுவடிகளில் எழுத்தாணிக் கீறலுக்குள் தேய்த்த கரி நூற்றாண்டுகள் கழிந்தும் படிக்கக் கிடைப்பது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: இண்டியன் இங்க் பலவற்றில் அரக்கு கலந்திருக்கும். ஃபவுன்டன் பேனாவில் ஊற்றினால் உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும்தான் அது.

இன்னொரு கறுப்பும் உண்டு, அது தாளிலோ துணியிலோ பட்ட பிறகு பிறப்பது. கலம்காரித் துணி ஓவியம் வரைபவர்கள் துணியைக் கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்துகிறார்கள். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலைத் தொட்டு அதன்மேல் கோடு இழுத்தால், கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து அந்த இடம் கறுக்கிறது. ஐரோப்பாவில் ஓக் மரக் கழலையிலிருந்து எடுத்த டானினில் இரும்பு உப்பைக் கலந்து பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் இதே வேதியியல். கலம் என்ற பாரசீகச் சொல்லுக்கு அர்த்தமே பேனா.

தமிழ் வாசகர்களுக்குப் பேனாக் கோடு புதிதல்ல. பத்திரிகைகள் படங்களை உலோக பிளாக் எடுத்து அச்சடித்த காலத்தில் கோட்டோவிய பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. ஆனால் ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களில் கல்லின் வழவழப்பும் நிழலும் அப்படியே தெரியும். நெருக்கமான கோடுகளைக் கண் பிரித்துப் பார்க்க முடியாதபோது அவற்றைச் சாம்பலாகக் கலந்துவிடுகிறது. அச்சு செய்யாததை வாசகரின் கண்ணே செய்துகொடுத்தது. ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களில் பல இடங்களில் கோடு முடிவதற்கு முன்பே பார்ப்பவர் மனம் முடித்துவிடும். கோபுலு பக்கவாதத்தால் வலது கை பாதிக்கப்பட்டபோது இடது கையால் பழகி வரைந்தார். அதிலும் கோபுலுவின் கோடு இருந்தது. கையெழுத்தைக் கால் பெருவிரலால் போடச் சொல்லி 1999-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்தபோது, வழக்கமாகக் கையால் எழுதும்போது இயங்கும் பகுதிகளில் சில அப்போதும் இயங்கியதைக் கண்டார்கள். கோட்டின் வடிவம் எந்த ஒரு விரலுக்கும் சொந்தமல்ல, இன்னும் உள்ளே எங்கோ இருக்கிறது.

தொடர்ந்து வரைய முடியவில்லை, நாலு நாளில் விட்டுப்போகிறது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம், தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு புதுச் செயலைச் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது யாரையும் பெரிதாகப் பின்னுக்கு இழுக்கவில்லை. ஆகவே விட்ட நாளுக்காக மறுநாள் இரண்டு படம் வரைய வேண்டாம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு பேனாவைக் கட்டிவிடுங்கள். எனக்கு டீ. உங்களுக்குப் பஸ் நிறுத்தமாக இருக்கலாம், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரமாக இருக்கலாம்.

போன வாரம் டீ மாஸ்டர் கல்லாப் பக்கமாக வந்தவர் நின்று நோட்டைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் சார், ஆவி வருதே, அதைப் போடலையே?"

"போட்டிருக்கேன் அண்ணே, இங்க பாருங்க."

கிளாஸுக்குப் பின்னால் பாய்லரின் இருட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிரப்பியிருந்தேன். ஆவி எழும்பிய இடத்தில் மட்டும் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் நோட்டைக் கையில் வாங்கி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாய்லர் பக்கம் திரும்பி, அங்கே எழும்பிக்கொண்டிருந்த ஆவியைப் பார்த்தார்.