ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்!
வணிகத்திற்கு வீடியோப் படம் எடுக்க விழைவோருக்குச் சில ஆலோசனைகள்

முன்பெல்லாம் வணிகர்கள் தம் சரக்கின் சிறப்பை ஊராருக்கு அறிவிக்கச் சுவரில் எழுதினார்கள்; துண்டறிக்கை அச்சிட்டார்கள்; விழா மலர்களில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். இன்றோ, சிறு கடை நடத்துபவரும், 'நம் தொழிலைப் பற்றி நல்லதொரு வீடியோப் படம் எடுத்து யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிட்டால் என்ன?' என்று எண்ணுகிறார். அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் படமெடுப்பவரிடம் 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்பதற்கு முன்னால், 'எதற்காக?' என்று தம்மையே கேட்டுக்கொள்பவர் எத்தனை பேர்?

பெரிய நிறுவனங்களுக்கு விளம்பரச் செலவு ஏட்டில் ஒரு வரி. சிறுதொழில் செய்யும் குடும்பத்திற்கோ அது மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கும் மகளின் திருமணத்திற்கும் சேர்த்ததிலிருந்து பிரித்தெடுக்கும் பணம். ஆகவே, அன்பு வாசகர்களே, இதன் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

விளக்கத்திற்கு ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவியை அடுத்துள்ள பத்தமடை, கோரைப் பாய்களுக்குப் பெயர் பெற்றது. மணமக்களின் பெயர்களை நெய்து கொடுக்கும் திருமணப் பாய்கள் அவ்வூரின் தனிச்சிறப்பு. அங்குள்ள பாய் வணிகர் ஒருவர், வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பெறுவதற்காக இரண்டு நிமிட வீடியோப் படம் ஒன்றை எடுக்க விரும்புகிறார் என்றும், அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஒதுக்குகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்கணக்கு தறியில்

கணக்கைக் காமிராவிலிருந்து தொடங்கக் கூடாது. தறியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பாய்க்கு 500 ரூபாய் இலாபம் நிற்குமானால், போட்ட ஓர் இலட்சத்தைத் திரும்ப எடுக்க, வழக்கமான விற்பனைக்கு மேல் 200 பாய்கள் விற்றாக வேண்டும். நுண்ணிய வேலைப்பாடுள்ள பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும். 200 பாய்களைக் கூடுதலாக நெய்து தர ஆளும் தறியும் உண்டா? இல்லையென்றால் படத்தைக் கண்டு வரும் ஆர்டர்களே அவருக்குப் பழியைத் தேடித் தரும். அத்தகையவர் சிறிய செலவில் சிறிய படம் எடுப்பதே நலம்.

செலவை இனம் பிரியுங்கள்

'மொத்தமாக ஓர் இலட்சம்' என்று ஒரே வரியில் தரப்படும் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். நம் பாய் வணிகரின் ஓர் இலட்சத்தை இவ்வாறு பங்கிடலாம்:

கதைக் குறிப்பு எழுதுதல், இடம் பார்த்தல், திட்டமிடுதல்: 15,000 ரூபாய்.
காமிரா, விளக்கு, ஒலிப்பதிவு, அவற்றுக்குரிய ஆட்கள்: 38,000 ரூபாய்.
பயணமும் உணவும்: 8,000 ரூபாய்.
படத்தொகுப்பு, நிறச் சீரமைப்பு, எழுத்து சேர்த்தல்: 20,000 ரூபாய்.
பின்னணிக் குரலும் இசை உரிமமும்: 5,000 ரூபாய்.
நெசவாளர்களுக்கு நாட்கூலி: 4,000 ரூபாய்.
எதிர்பாராச் செலவுக்குக் கையிருப்பு: 10,000 ரூபாய்.

இவை எடுத்துக்காட்டுக்கான தொகைகளேயன்றிச் சந்தை விலை அல்ல. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இனங்கள் மாறுவதில்லை.

முதலில் உள்ள 15,000 ரூபாயைப் பலர் வீண் என்று கருதிக் குறைக்க முனைவார்கள். உண்மையில் மற்ற செலவுகளைக் கட்டுக்குள் வைப்பது அதுவே. கோரையை வெட்டிக் காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, கீறி, சாயமேற்றி, அதன் பின்னரே தறிக்குக் கொண்டு வருகிறார்கள். இவையனைத்தும் ஒரே நாளில் நடப்பவையல்ல. முன்கூட்டியே இடத்தைப் பார்த்தவர், ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய கோரையை ஆயத்தமாக வைத்திருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே நாளில் படம் பிடித்து விடுவார். பார்க்காமல் வந்தவரோ மறுநாளும் வர நேரிடும். ஆட்கூலி, காமிரா வாடகை, வண்டி, உணவு அனைத்தும் இரட்டிப்பாகும்.

சொல்ல வேண்டியதையும் முன்பே எழுதிவிட வேண்டும். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 100 சொற்களே அடங்கும். இரண்டு நிமிடப் படத்தில் பாட்டனார் காலத்து வரலாறு முதல் பேரனின் பட்டம் வரை சொல்ல முயன்றால் எதுவும் மனத்தில் நில்லாது.

மறக்கப்படும் கூலி

பத்தமடையில் பாய் நெய்வோரில் மிகுதியானோர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள். படப்பிடிப்பு நடக்கும் நாளில் அவர்களுக்கு வேலை ஓடாது. 'இன்னொரு முறை செய்து காட்டுங்கள்' என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். அந்த நாளின் கூலியை வணிகர் தம் கையாலேயே கொடுத்துவிட வேண்டும். முகம் தெரியப் படமெடுக்க அவர்களுக்கு உடன்பாடுதானா என்பதையும் முன்னரே கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். உடன்படாதவரின் கைகளையும் பாயையும் மட்டும் காட்டினாலே போதும்; படம் அழகாகவே அமையும். படம் முடிந்த பின் மறுப்பு எழுந்தால், தொகுத்ததை மீண்டும் பிரிக்க வேண்டிவரும். பணச் செலவு ஒருபுறமிருக்க, அக்கம்பக்கத்தில் ஏற்படும் மனக்கசப்பை எந்தக் கையிருப்பைக் கொண்டு ஈடு செய்வது?

வரியும் உரிமையும்

விலைப்புள்ளியில் சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்துள்ளதா என்று தெளிவாகக் கேளுங்கள். வரிப் பதிவு பெற்ற நிறுவனம் இச்சேவைக்கு 18 விழுக்காடு வரி சேர்க்கும். மேற்கண்ட பட்டியலில் முதல் ஐந்து இனங்களும் படமெடுப்பவருக்குச் செல்பவை. அவற்றின் கூட்டுத்தொகை 86,000 ரூபாய். அதற்கு வரி 15,480 ரூபாய். முன்பே கேட்காவிட்டால் கையிருப்பான 10,000 ரூபாய் அதிலேயே கரைந்து, மேலும் 5,480 ரூபாய் கையைக் கடிக்கும். கட்டிய வரியை ஈடுசெய்து கொள்ள உங்களுக்குத் தகுதியுண்டா என்பதை உங்கள் கணக்கரிடம் கேட்டறியுங்கள்.

அடுத்தது உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் செய்தவரே அப்படத்தின் முதல் உரிமையாளர். ஆனால் அதில் சேர்க்கும் இசைக்கும் எழுத்துக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. 'எல்லோரும் போடுகிறார்களே' என்று திரைப்பாடல் ஒன்றைப் பின்னணியில் சேர்த்தால், உரிமையாளர் படத்தை நீக்கச் செய்யவும் இழப்பீடு கோரவும் இயலும். உரிமையை எழுதி வாங்கும்போது காலத்தையும் நாட்டையும் குறிப்பிடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரை நாடுபவருக்கு இது சிறிய செய்தியா?

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

நெருங்கிய உறவினரின் மகனே படமெடுத்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவு நிலைப்பதற்கும் அதுவே வழி. படப்பிடிப்பு எத்தனை நாள், படம் எந்தத் தேதியில் கைக்கு வரும், கட்டணமின்றி எத்தனை முறை திருத்தித் தருவார் ஆகியவை அதில் இருக்கட்டும். பணத்தை முன்பணம், படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு பகுதி, இறுதிப் படம் கைக்கு வந்ததும் மீதி என மூன்று தவணையாகப் பிரியுங்கள்.

இரண்டு நிமிடப் படத்துடன், கைபேசியில் நிமிர்ந்த வாக்கில் பார்க்கத்தக்க அரை நிமிடப் படம் ஒன்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே படப்பிடிப்பில் இரண்டையும் எடுக்கலாம். பிறகு கேட்டால் தனிக் கட்டணம். தொகுக்காத மூலப் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட் இடம் வேண்டும். எனவே அவற்றைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கை யார் வாங்கித் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு புதிய படத்திற்கு அக்காட்சிகளே கைகொடுக்கும்.

ஓர் இலட்சம் ஒதுக்க இயலாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. நல்ல கைபேசி ஒன்று, அதை அசையாமல் நிறுத்த ஒரு முக்காலி, சட்டையில் மாட்டும் சிறு மைக், சன்னலோரப் பகல் வெளிச்சம் இவை இருந்தாலே நேர்மையான ஒரு நிமிடப் படத்தை வீட்டுப் பிள்ளைகளே எடுத்துவிடலாம். கடன் வாங்கி எடுத்த பகட்டான படத்தைவிட, கைக்கு அடக்கமான எளிய படம் மேலானது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றனர் நம் முன்னோர். முதலில் உங்கள் தறியின் வலிமையை அளவிடுங்கள், செலவினங்களை எழுதுங்கள், கையெழுத்துப் பெறுங்கள். அதன் பிறகு காமிராவை அழையுங்கள்.