ஆய்வேடும் அசையும் படமும்

அலங்காநல்லூர் என்றவுடன் வெளியூர் அன்பர்களுக்கு வாடிவாசலும் காளையும்தான் நினைவுக்கு வரும். தை பிறந்தால் எங்கள் ஊர் உலகறிந்த ஊராகிவிடும். மற்ற நாட்களில் நெல்லும் கரும்பும் விளையும் அமைதியான ஊர். இவ்வூரில் என்னிடம் மக்தபில் அலிஃப், பே ஓதிய மாணவி ஒருத்தி, சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது தன் அத்தாவுடன் திண்ணையில் காத்திருந்தாள். சென்னைக் கல்லூரி ஒன்றில் காட்சித் தகவலியலில் ஆய்வு செய்கிறாள். பிள்ளை முகத்தில் அழுத அடையாளம் இருந்தது.

"ஹஜரத், நீங்களே கேளுங்கள். ஆய்வேடு எழுதப் போன பிள்ளை, கார்ட்டூன் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதவித்தொகை அடுத்த ஆண்டோடு முடிகிறது. படிப்பும் முடியாமல், வரனும் தள்ளிப்போனால் யார் பதில் சொல்வது?" என்றார் அவள் அத்தா. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கணக்கில் தவறாதவர்.

அவள் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மசலா! கேள்வியும் பதிலுமாக மார்க்க அறிவைச் சொல்லும் இலக்கிய வகை. நம் மதுரைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572-ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறியது. முழுமையாக நம் கைக்குக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் அதுவே மிகப் பழையது என்பர். அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தொடுத்த வினாக்களும் அவற்றுக்கான விடைகளுமே அந்நூலின் பொருள். அந்த மரபு ஏட்டில் மட்டும் நிற்கவில்லை. நம் வீட்டு மூதாட்டிகளின் வாயில் விடுகதையாகவும் பேரப்பிள்ளைகளை மடக்கும் கேள்வியாகவும் வழங்கி வந்தது. இவளுடைய நன்னி அப்படிப்பட்டவர். அவர் கேள்வி கேட்கும் அந்தத் தொனியை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல்தான் இவள் படம் வரையத் தொடங்கியிருக்கிறாள்.

ஆய்வேட்டோடு சேர்த்து அசைவூட்டப் படம் ஒன்றை உருவாக்குவது பைத்தியக்காரத்தனமா என்று சில நாட்கள் நூல்களைப் புரட்டினேன். கலைப்பட்டம் படித்த காலத்துப் பழக்கம் விடவில்லை.

1972-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் என்னும் ஆய்வு மாணவர் தம் இடக் கையைப் பிளாஸ்டர் அச்சில் வார்த்தார். அச்சைக் கழற்றும்போது கையிலிருந்த உரோமமும் பிய்ந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த வார்ப்பின் மேல் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களுமாகக் கோடிட்டு, அவற்றின் முனைகளை அளந்து கணினிக்குள் செலுத்தினார். திரையில் ஒரு கை விரல்களை விரித்தது, மடக்கியது. சக மாணவர் பிரெட் பார்க் மனித முகத்தை அசைய வைத்தார். வளைந்த பரப்பைக் கணினியில் எப்படிக் காட்டுவது என்பதையே கேட்மல் 1974-இல் தம் ஆய்வேடாக அளித்தார். அவருடைய கை 1976-இல் 'ஃபியூச்சர்வேர்ல்ட்' என்னும் முழுநீளத் திரைப்படத்தில் இடம்பெற்றது. 2011-இல் அமெரிக்க நூலகக் காங்கிரஸ் பேணும் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். நான் கவனித்தது அந்தப் புகழை அன்று. கையை அசைக்கப்போய்த்தான் வளைவைக் காட்டுவதிலுள்ள சிக்கல் கண்முன் வந்து நின்றிருக்கும். படம் ஆய்விலிருந்து திருடிய நேரமாக இல்லை. ஆய்வின் கேள்வியே அதில் இருந்தது.

"அது அமெரிக்கா, ஹஜரத்" என்றார் கடைக்காரர். நியாயம்தான். நம் நாட்டுக்கு வருவோம்.

அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் நீனா சப்னானி. அவர் 2005-இல் எடுத்த 'முகுந்த் அவுர் ரியாஸ்' என்னும் குறும்படம், தம் தந்தையின் இளமை நினைவிலிருந்து பிறந்தது. 1947 பிரிவினையின்போது கராச்சியை விட்டு வெளியேற வேண்டிய முகுந்தின் குடும்பத்துக்கு அவன் நண்பன் ரியாஸ் உதவுகிறான். கதை அவ்வளவுதான். துணி வெட்டி ஒட்டித் தைக்கும் கைவேலை குஜராத்துக்கும் சிந்துவுக்கும் பொதுவானது. படத்தின் காட்சிகள் அந்தத் துணி வேலையால் ஆனவை. பிரிவினையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். எல்லைக்கு இருபுறமும் பெண்கள் ஒரே விதமாகத் தைக்கிறார்கள் என்பதைத் துணியே சொல்லும்போது பக்கங்கள் தேவைப்படவில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் இக்கதையைத் தமிழிலும் சிறுவர் நூலாக வெளியிட்டுள்ளது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருக்க வேண்டிய நூல்.

பல்லாண்டு பாடம் சொல்லிக் கொடுத்த அதே அம்மையார் பின்னர் தாமே ஆய்வு மாணவியானார். மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், ராஜஸ்தானத்தின் காவட். பெயரைக் கேட்டால் நம்மூர்க் காவடி நினைவு வரும், இது வேறு. பல கதவுகள் கொண்ட வண்ண மரப்பெட்டி. சித்தோர்கட் அருகே பஸ்ஸி என்னும் ஊரின் தச்சர்கள் செய்து தருவர். கதைசொல்லி அதைச் சுமந்துகொண்டு புரவலர் வீடு வீடாகச் சென்று, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மயிலிறகால் படங்களைத் தொட்டுக் காட்டி, அந்தக் குடும்பத்தின் வம்ச வரலாற்றையும் புராணக் கதைகளையும் சொல்வார். கதவு திறக்கும் கணமும் குரலும் மயிலிறகும் சேர்ந்தால்தான் காவட். காகிதத்தில் அதன் அளவையும் நிறத்தையும் எழுதலாம். திறப்பதை எழுத முடியுமா? அந்த ஆய்வோடு பிறந்ததுதான் 2011-இல் வந்த 'பாத் வஹீ ஹை' என்னும் அசைவூட்டப் படம். 2014-இல் ஆய்வு நூலாகவும் வெளிவந்தது. இரண்டும் ஒரு மரத்துக் கிளைகள்.

அத்தாவின் இன்னொரு அச்சம், வாய்விட்டுச் சொல்லாதது, எனக்குப் புரிந்தது. உருவம் வரைவது பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தைக் கையால் வரைவதை முற்றிலும் விலக்கும் அறிஞர்கள் உள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தியைச் சான்றாகக் கொண்டு, பிள்ளைகளின் கல்வி சார்ந்தவற்றில் தளர்வு கூறுவோரும் உள்ளனர். இக்கட்டுரை ஃபத்வா அன்று; ஆதலால் அதற்குள் நான் நுழையவில்லை. ஆனால் மாணவி தானே ஒரு வழி கண்டிருந்தாள். அவள் படத்தில் முகமே கிடையாது. மொச்சை உரிக்கும் இரண்டு கைகள், ஒரு கதவு, சுவரில் விளக்கொளி. மற்றதெல்லாம் நன்னியின் குரல். அத்தா அந்தத் தாள்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். "இது அம்மாவின் கையேதான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் பேச்சு கணக்குக்கு மாறியது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. ஒரு வரைபடத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 போதும். மாணவி போட்டிருந்த திட்டம் 12 நிமிடப் படம். "8,640 தாள்" என்றார் கடைக்காரர் காகிதம் எடுக்காமலேயே. நாளுக்கு 40 வரைந்தாலும் 216 நாட்கள். ஆய்வேட்டின் இயல்கள் எப்போது எழுதுவது? மூன்று நிமிடமாகச் சுருக்கினால் 2,160 தாள், 54 நாட்கள். பிரிட்டனில் நிக் பார்க் என்னும் மாணவர் 1982-இல் திரைப்படப் பள்ளிப் பட்டத்துக்காகத் தொடங்கிய 'எ கிராண்ட் டே அவுட்' 1989-இல்தான் முடிந்தது என்று நான் சொன்னேன். படம் ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது என்பதையும் மாணவி சேர்த்துச் சொன்னாள். ஆயினும் ஏழு ஆண்டு காத்திருக்கும் உதவித்தொகை எங்கே இருக்கிறது? மூன்று நிமிடம் என்று முடிவாயிற்று.

நெறியாளரிடம் படம் ஆய்வேட்டின் பகுதியாக ஏற்கப்படுமா, இணைப்பாக மட்டும் நிற்குமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளச் சொன்னேன். பல துறைகளில் தேர்வாளர் கையில் போவது கட்டிய ஏடு மட்டுமே. குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதன் நீளத்துக்கு வரைய வேண்டும் என்பது அவளே அறிந்தது. மாற்றிச் செய்தவர்கள் படும் பாட்டை அவள் கல்லூரியிலேயே பார்த்திருக்கிறாள். பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளே போதும் என்றாள். லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' என்னும் படம் அதைக்கொண்டு உருவாகி 2025-இல் ஆஸ்கார் பெற்றதாம். ஒவ்வொரு நாளும் ஏன் இந்தக் கோட்டை அழித்தேன், ஏன் இந்தச் சொல்லை நீக்கினேன் என்று தேதியிட்டுக் குறித்து வைக்கும்படி மட்டும் வற்புறுத்தினேன். அந்தக் குறிப்பேடுதான் நான்காம் இயலாகப் போகிறது என்பதை அவள் அப்போது நம்பவில்லை.

சென்ற வாரம் வந்திருந்தாள். இரண்டு நிமிடம் முடிந்திருந்தது. நன்னியின் கட்டிலருகே அமர்ந்து கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். மூதாட்டி இமைக்காமல் பார்த்தார். முடிந்ததும், "மூணாவது கேள்வியைத் தப்பாச் சொல்லிட்டேனே, என் அத்தா சொன்னது இப்படி இல்லையே" என்று திருத்தி, சரியானதைச் சொன்னார். புதிய கேள்வி பழையதைவிட 14 நொடி நீளம். மாணவி என்னைப் பார்த்தாள். கடைக்காரர் கதவோரம் நின்றபடி, "168 தாள்" என்றார். பிறகு கடைக்குப் போய் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் இரண்டு பென்சிலும் எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தார்.